எழுத்தின்மேல் ஏற்றிய பழி

இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்குக் கணினித் தமிழ் என்றொரு தாள் உண்டு. அத்தாளுக்கென விற்கப்படும் வழிகாட்டிகளிலும், அவற்றை மனனம் செய்து எழுதப்படும் விடைத்தாள்களிலும், கருத்தரங்க மலர்களின் முதற்கட்டுரைகளிலும் ஒரு செய்தி சொல் மாறினும் பொருள் மாறாமல் வந்துகொண்டேயிருக்கிறது. ஆங்கிலத்துக்கு எழுத்து 26, தமிழுக்கு 247. ஆதலால் தொடக்ககாலச் சிறு கணினிகளில் தமிழ் ஏற இயலாமற் போயிற்று. எழுத்துச் சீர்திருத்தம் முழுமை பெற்றிருந்தால் கணினியுகத்தில் நாம் முன்னரே நுழைந்திருப்போம் என்பதே அச்செய்தி. மாணவர் எழுதினால் மதிப்பெண் இட்டுவிட்டு மேலே போய்விடலாம். ஆனால் நாற்பதாண்டு வரலாற்றை எழுத்தின்மேல் பழியாகப் போட்டு முடித்துவிடும் இவ்வாக்கியத்தைப் பேராசிரியர்களும் மேடையில் தலையசைத்துச் சொல்லும்போது, அந்தச் சிறு கணினிகள் யாவை, அவற்றின் உள்ளே என்ன இருந்தது என்று ஒருமுறை திறந்து பார்ப்பது கடமையாகிறது. பார்த்தோம். அவ்வாக்கியம் பொய் என்பது நம் துணிபு. அரைகுறை உண்மைகூட அன்று, முழுப்பொய்.

இந்தியப் பள்ளிகளுக்குப் பெருமளவில் வந்த எட்டுபிட் கணினி எது என்பதில் ஐயமில்லை. 1981 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் கணினிக் கல்வித் திட்டத்துக்காகச் செய்தளித்த பி.பி.சி. மைக்ரோ அது. நடுவண் அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் இணைந்து 1984-85இல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது 248 மேனிலைப் பள்ளிகளில் அக்கணினிகள் வைக்கப்பட்டன. ஆசிரியர்களுக்குக் கைகொடுக்க 42 வள மையங்கள் அமைந்தன. பத்தாண்டின் முடிவுக்குள் பள்ளிகளின் எண்ணிக்கை 2,500ஐத் தாண்டியது. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் அதே கணினியை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே செய்தது. இன்னொரு பக்கம், 1986இல் டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் சிங்ளேரின் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினியை உரிமம் பெற்று வீடுகளுக்கு விற்றது. ஆக, ‘தொடக்ககாலச் சிறு கணினி’ என்று காற்றில் கைவீச வேண்டியதில்லை. பெயரும் உருவும் உள்ள கணினிகள் இருந்தன, பள்ளிக்குள்ளேயே இருந்தன.

பி.பி.சி. மைக்ரோ ஒரு குடும்பம். ஏ மாதிரிக்கு 16 கிலோபைட் நினைவகம், பி மாதிரிக்கு 32. 1983இல் எலெக்ட்ரான் என்ற மலிவான தம்பி. 1986இல் 128 கிலோபைட்டோடு மாஸ்டர் என்ற பெரியண்ணன். நெஞ்சில் 6502 என்னும் செயலி, 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். இந்த எண்களைச் சொல்லி ‘இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால்...’ என்று பெருமூச்சு விடுவது ஒருவகை நினைவேக்க இலக்கியமாகவே வளர்ந்துவிட்டது. அது நமக்கு வேண்டாம். எழுத்து எப்படித் திரையில் வருகிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்வோம்.

வாசலில் கோலமிடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எட்டுப் புள்ளி, எட்டு வரிசை. வேண்டிய புள்ளியை ஏற்றி, வேண்டாததை அணைத்தால் ஓர் எழுத்து. ஒரு வரிசையின் எட்டுப் புள்ளிகள் ஒரு பைட். எட்டு வரிசைக்கு எட்டு பைட். கணினிக்கு ஆங்கில ஏ என்பதும் எட்டு எண்கள்தாம். அதற்கு அதில் பிறப்புரிமை ஏதுமில்லை. பி.பி.சி.யின் பேசிக் மொழியில் வி.டி.யூ. 23 என்றொரு கட்டளை உண்டு. அதன்பின் ஓர் எழுத்தெண்ணும் எட்டு வரிசை எண்களும் கொடுத்தால், அந்த எண்ணுக்குரிய எழுத்து நாம் சொன்ன வடிவமாகிவிடும். 224 முதல் 255 வரையான 32 இடங்கள் கணினியை இயக்கியவுடனேயே இதற்கெனத் திறந்திருந்தன. ஸ்டார் எஃப்.எக்ஸ். 20,6 என்று மேலும் ஒரு கட்டளை தந்தால் 32 முதல் 255 வரை, அதாவது 224 எழுத்துகளையும் நாமே வரைந்துகொள்ளலாம். அதற்குச் செலவாகும் கூடுதல் நினைவகம் 1,536 பைட். நிறுவனத்தாரின் இரகசியமன்று இது. கணினியோடு வந்த பயனர் கையேட்டிலேயே விளக்கப்பட்டிருந்த வசதி.

பொழிச்சலூரில் ஞாயிறு மாலைகளில் ஐந்தாறு பேர் கூடிப் புத்தகம் பேசுவது வழக்கம். தலைக்குமேல் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் வரும்போது பேச்சை நிறுத்தி, போனபின் விட்ட இடத்தில் தொடங்குவோம். அங்கே ஒரு நாள் நண்பர் ஒருவர் அந்த 247 வாக்கியத்தைச் சொல்ல, நாம் மடிக்கணினியைத் திறந்தோம். பி.பி.சி. மைக்ரோவை அப்படியே நடித்துக் காட்டும் ஜேஎஸ்பீப் என்ற மென்பொருள் இணைய உலாவியிலேயே ஓடுகிறது. மோட் 4 என்று தட்டிவிட்டு, வி.டி.யூ. 23,224,0,64,64,64,64,126,0,0 என்றோம். 224ஆம் எழுத்தை அச்சிடச் சொன்னால் திரையில் ட நின்றது. நான்கு 64களையும் 66 ஆக்கி 225இல் வைத்தோம், ப வந்தது. வலப்பக்கத்துக் கோடு ஒன்றுதானே இவ்விரண்டுக்கும் வேறுபாடு! முதல் வரிசையில் மட்டும் 16 என்று ஏற்றி மற்றவற்றை வெறுமையாக விட்டால் மெய்ப்புள்ளி. மூன்று வரி, 24 பைட். திரையில் ‘பட்ட’ என்று எழுதியாயிற்று. நான்காவதாகத் துணைக்காலும் சேர்ந்தால் பட்டா. (நம் ஊரில் அதைப் பெறுவதற்கு இதைவிடக் காலம் பிடிக்கும்.)

மெய்ப்புள்ளியைத் தனி எழுத்தாக வைத்து டகரத்தின் தலையில் எப்படி ஏற்றுவது என்று கேட்கலாம். இங்கேதான் அக்கணினியின் மற்றொரு வசதி வருகிறது. வி.டி.யூ. 5 என்ற கட்டளைக்குப் பின் எழுத்துகள் வரைபடங்களைப்போல் விழும். கீழே இருப்பதை அழிக்காமல் அதன்மேலேயே படியும். எந்தப் புள்ளியிலிருந்தும் தொடங்கும். ட எழுதி, ஓர் இடம் பின்னோக்கி வந்து, புள்ளியை எழுதினால் ட் ஆயிற்று. ஸ்பெக்ட்ரத்திலும் இதே வேலையை ஓவர் 1 என்ற கட்டளை செய்தது. அங்கே பயனர் வரைந்துகொள்ள 21 எழுத்துகள் உண்டு. போதவில்லையென்றால் 23606, 23607 என்ற இரண்டே நினைவக இடங்களை மாற்றி, 96 எழுத்துகள் கொண்ட முழு எழுத்துத் தொகுதியையும் நம்முடையதாக்கலாம். செலவு 768 பைட்.

மேலே படியவைக்கும் இந்த உத்தி தமிழருக்குப் புதிதா? ஆர். முத்தையா 1930களில் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சில் நகரா விசை இருந்தது. புள்ளியையும் கொக்கிகளையும் அடித்தால் தாளுருளை நகராது. எழுத்தும் குறியும் ஒரே இடத்தில் சேரும். யாழ்ப்பாணத்திலிருந்து மலேயா சென்ற ஒருவர் இரும்பில் செய்து காட்டியதை, ஐம்பதாண்டுக்குப் பின் சிலிக்கானில் செய்ய முடியாது என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

இனி அந்த 247க்கு வருவோம். ஒலியெண்ணிக்கையை வடிவெண்ணிக்கையாக மயக்குவதில்தான் இப்பொய்யின் உயிர் இருக்கிறது. கணினி வரைய வேண்டியது வடிவங்களை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என நான்கு குறிகள் தனித்தனி நிற்பவை. மெய்ப்புள்ளி, இகரக் கொக்கி, ஈகாரச் சுழி ஆகிய மூன்றும் மேலே படிபவை. உகர ஊகார வரிசை எழுத்துக்கெழுத்து வேறு உருவம் கொள்வதால் 36. டகரத்தில் மட்டும் இகர ஈகாரம் உடலோடு ஒட்டிக்கொள்வதால் டி, டீ என இரண்டு. கூட்டிப் பாருங்கள்: 76. எட்டால் பெருக்கினால் 608 பைட். கிரந்த எழுத்து ஐந்தும், அவற்றின் உகர ஊகாரக் குறிகள் இரண்டும், ஸ்ரீயும் வேண்டுமென்பவர்கள் எட்டைச் சேர்த்துக்கொள்ளட்டும், 672 பைட். படிய வைக்கும் உத்தியே வேண்டாம், ஒவ்வொன்றையும் முழுவடிவமாகவே வரைகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாலும் உயிர், ஆய்தம், நான்கு குறிகள், அகரம், மெய், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் எல்லாம் சேர்ந்து 125 வடிவம். சரியாக 1,000 பைட். பி மாதிரியின் நினைவகம் 32,768 பைட். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே பொரியைக் காட்டி யானை செத்துவிட்டது என்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று நியாயமானது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் தமிழ் அழகாக அமையுமா? அமையாது. ட, ப, ம, ய எளிதில் அடங்கும். ண அடங்காது, அதன் சுழிகளுக்கு அகலம் போதாது. ஞ, ஐ, கூ, ணூ எல்லாம் பக்கத்துக் கட்டத்தையும் கேட்கும். மேலே புள்ளிக்கு ஒரு வரிசை, கீழே உகர வாலுக்கு இரண்டு வரிசை போனால் உடலுக்கு மிஞ்சுவது ஐந்து. மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். ஆகவே ஓர் எழுத்துக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு கட்டம் கொடுப்பதே முறை. 76 வடிவத்துக்கு 152 கட்டம். ணகரம் போன்ற அகலக்காரர்கள் பதினைந்து பேருக்கு மேலும் இரண்டிரண்டு தந்தால் 182. அப்போதும் 224க்குள்தான் இருக்கிறோம். மோட் 4இல் திரையின் அளவு 320க்கு 256 புள்ளி. அதற்குப் பிடிக்கும் நினைவகம் 10 கிலோபைட். இரட்டை உயரத்தில் தமிழ் எழுதினால் ஒரு திரையில் 16 வரி. ஒரு வெண்பாவைப் பொழிப்புரையோடு வைக்கலாம். வாரியாருடைய சொற்பொழிவு முழுவதையும் வைக்க முடியாதுதான். ஆங்கிலத்துக்கும் அங்கே 32 வரிக்குமேல் இடமில்லை என்பதை மறக்க வேண்டாம்.

நினைவகத்தைத் தொடவே வேண்டாம் என்றாலும் வழி இருந்தது. அக்கணினியின் பலகையில் மாற்றுச் சில்லுகளுக்கென நான்கு குழிகள் இருந்தன. ஒன்றில் பேசிக் அமர்ந்திருக்கும். மற்றவற்றில் 16 கிலோபைட் வரை கொள்ளும் சில்லுகளைச் செருகலாம். வேர்ட்வைஸ், வியூ போன்ற ஆங்கிலச் சொற்செயலிகள் இப்படிச் சில்லாகவே வந்தன. செருகியவுடன் கணினியின் உறுப்பாகிவிடும். தமிழ் எழுத்துருவும் ஒரு சிறு எழுதியும் அதில் தாராளமாக அடங்கும். எழுத்தை வெளியிடும் நிரலின் முகவரி, விசையைப் படிக்கும் நிரலின் முகவரி முதலியவற்றை மாற்றத்தக்க இடத்தில் வைத்திருந்தார்கள். அவற்றைத் திருப்பினால் கணினி எழுதுவதெல்லாம் நம் கைவழியே போகும். பேசிக்குக்குள்ளேயே செயலியின் கட்டளைகளை நேராக எழுதும் வசதி வேறு இருந்தது. பூட்டே இல்லாத வீடு அது. நான்கு வாசலும் திறந்து கிடந்த வீட்டைச் சுட்டி, உள்ளே போக முடியவில்லை என்று வரலாறு எழுதுகிறார்கள்.

ஒரு வாசல் மட்டும் அடைத்திருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். பி.பி.சி. கணினியை இயக்கினால் அது மோட் 7இல் கண் திறக்கும். தொலைக்காட்சிச் செய்தியேடான டெலிடெக்ஸ்டுக்காக வார்க்கப்பட்ட எஸ்.ஏ.ஏ. 5050 என்னும் சில்லு அங்கே எழுத்து வரையும். நினைவகச் செலவு ஒரே கிலோபைட், எழுத்தும் வழவழப்பு. ஆனால் வடிவங்கள் சில்லுக்குள் வார்க்கப்பட்டுவிட்டவை, வி.டி.யூ. 23 அங்கே செல்லாது. பள்ளிப் பிள்ளைகள் முதலில் கண்டதும், பலர் கடைசிவரை கண்டதும் இத்திரைதான். இச்சில்லுக்கு உடன்பிறப்புகள் உண்டு. 5051 ஜெர்மனுக்கு, 5052 சுவீடிஷுக்கு, 5056 ஹீப்ருவுக்கு, 5057 ரஷ்ய எழுத்துக்கு. அந்த வரிசையில் இந்திய எழுத்து எதுவும் இல்லை. ஹீப்ரு வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து. அதற்குச் சில்லு வார்த்துவிட்டார்கள். ஏன்? கேட்டு நின்றவர்கள் இருந்தார்கள். வாங்கச் சந்தை இருந்தது. ஆயிரக்கணக்கில் கணினி வாங்கிய நம் அரசு, சொந்தமாகச் சில்லு ஆலையே வைத்திருந்த நம் அரசு, கணினி வாங்கும்போது எந்த எழுத்தில் பேசவேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக வைக்கவில்லை. அதை ‘எழுத்தின் சிக்கல்’ என்று மொழிபெயர்ப்பது யார் குற்றத்தை யார் தலையில் கட்டுவது?

உலகத்தைப் பாருங்கள். ஜப்பானில் நெக் நிறுவனத்தின் பி.சி. 8001 வந்தது 1979இல். கதகனா எழுத்துகள் அதில் பிறவியிலேயே இருந்தன. காஞ்சி என்னும் சீனவழி எழுத்துகளோ ஆயிரக்கணக்கானவை. அவர்களுடைய தரநிலையின் முதற்படியில் மட்டும் 2,965. ஒன்றுக்குப் பதினாறுக்குப் பதினாறு புள்ளியென்றால் 32 பைட், மொத்தம் 94,880. எட்டுபிட் கணினியின் நினைவகத்தைவிடப் பெரிது! அவர்கள் எழுத்தைக் குறை என்று பேரணி போகவில்லை. காஞ்சிக்கெனத் தனிச் சில்லுப் பலகை செய்து பி.சி. 8801இல் செருகினார்கள். குவைத்தின் அல் ஆலமியா நிறுவனம் எம்.எஸ்.எக்ஸ். வகை எட்டுபிட் கணினிகளை சக்ர் என்ற பெயரில் அரபியில் இயங்கச் செய்தது. அரபியில் ஒரே எழுத்து சொல்லின் முதல், இடை, கடை, தனிநிலை என நான்கு உருவம் எடுக்கும். அடுத்தடுத்த எழுத்து கைகோக்கும். கொரியர்கள் அசையசையாகக் கட்டும் ஹங்குலை அதே வகைக் கணினிகளில் ஏற்றினார்கள். நம் கான்பூரில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 1983இல் தேவநாகரி முனையத்தைச் செய்து காட்டினார்கள். அவ்வழி வந்ததே பின்னாளில் சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டை. இவற்றில் எதனோடு ஒப்பிட்டாலும் தமிழ் எழுத்து எளியது. கூட்டெழுத்து இல்லை, உருவம் இடத்துக்கு இடம் மாறுவதில்லை, துணைக்காலும் கொம்பும் தனித்தனியே நின்று வரிசையாகச் செல்பவை. கட்டத்துக்குள் எழுத்தை வைக்கும் கணினிக்கு இதைவிட இணக்கமான இந்திய எழுத்து ஒன்றைக் காட்டட்டும், பார்ப்போம்.

எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய பேச்சுக்கு இங்கே வந்தாக வேண்டும். பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழில் கையாண்டு, 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசின் ஆணையால் நிலைபெற்ற மாற்றம் 13 எழுத்துகளைப் பற்றியது. அச்சுக்கோப்பவரின் பெட்டியறைகளும் குழந்தையின் கற்றலும் அதற்கு நியாயம் தந்தன. அந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணினிக்காகத் தேவைப்பட்டது என்று பிற்காலத்தில் ஒட்டுப்போடுவதை அனுமதிக்க முடியாது. பழைய ணா, றா, னா மூன்று வடிவம். துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை நான்கு. ஒகர ஓகாரம் முதல் மூன்றைக் கொண்டே எழுதப்படுபவை. ஆக ஏழு வடிவம். பெருக்குங்கள்: 56 பைட். கணினியின் பார்வையில் அச்சீர்திருத்தத்தின் மொத்தச் சேமிப்பு இவ்வளவே.

வா.செ. குழந்தைசாமி முன்வைத்து, நீண்ட விவாதத்துக்கு உள்ளான திட்டம் இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 எழுத்துகளைப் பற்றியது. கல்வியின் பெயரால் அதைப் பேசுகிறவர்களோடு பேசலாம். அது வேறு வழக்கு. கணினியின் பெயரால் பேசுகிறவர்களுக்கு மட்டும் கணக்கைச் சொல்கிறோம். 38 வடிவங்கள் போய் இரண்டு குறிகள் வரும். மிச்சம் 36 வடிவம், 288 பைட். இரட்டை உயரத்தில் 576. எட்டுபிட் கணினியிலேயே நூற்றுக்கு இரண்டு தேறாத இந்த மிச்சத்துக்காக, கு, சு, மு, பூ என்று நூற்றாண்டுகளாகக் கை பழகிய வடிவங்களைக் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

‘எழுதுபொருள் எழுத்தை மாற்றுவது இயல்புதானே, ஓலைக்காக எழுத்து வளையவில்லையா, ஓலையில் புள்ளியே வைக்காமல் எழுதவில்லையா’ என்று சுவடியியல் தெரிந்த நண்பர் ஒருவர் நம்மை மடக்கினார். நல்ல கேள்வி. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும், கிழியும். அது பொருளின் உண்மையான எல்லை. அதற்கு எழுத்து வளைந்து கொடுத்தது. ரேம் கிழியாது. இல்லாத எல்லைக்கு வளைந்து கொடுப்பதற்குப் பெயர் தகவமைப்பு அன்று.

பின் எது தடுத்தது? கணினி அறை இயற்பியல் ஆய்வகத்தின் பக்கத்தில் இருந்தது. சாவி கணித ஆசிரியரிடம் இருந்தது. தமிழாசிரியருக்கு அங்கே வேலை இல்லை என்று எல்லோரும், தமிழாசிரியர் உட்பட, முடிவு கட்டியிருந்தார்கள். மென்பொருள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தது. கையேடு ஆங்கிலத்தில் வந்தது. பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது. கணினி என்றாலே ஆங்கிலம் என்ற எண்ணம் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதே பிள்ளைகளின் மனத்தில் ஏறிவிட்டது. (செருப்பைக் கழற்றிவிட்டுக் கணினியைத் தொழுத நாடு நம்முடையது, எந்தப் பயனர் கையேட்டிலும் அப்படியொரு விதி இல்லை.) தனியார்வலர்கள் ஆங்காங்கே செய்தவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை, நாம் பேசுவது பாடத்திட்டம் வகுத்தவர்களையும், பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளையும், கொள்முதல் செய்த அலுவலகங்களையும். அவர்கள் தட்டிப் பார்க்காத கதவைப் பூட்டிய கதவு என்று சான்றளித்தார்கள்.

அதனால் இழந்தது என்ன என்று யோசித்தால்தான் வயிறு எரிகிறது. 2,500 பள்ளிகளில் ஒரே வகைக் கணினி. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஒரு தாளில் அச்சடித்து, தமிழ் படிக்கும் பள்ளிகளுக்கு அனுப்பியிருந்தால் அதுவே தரநிலை. குழு அமைக்க வேண்டாம், மாநாடு கூட்ட வேண்டாம். அப்படியொரு பழக்கம் எண்பதுகளிலேயே வேர்விட்டிருந்தால், தொண்ணூறுகளில் நாளிதழுக்கொரு எழுத்துரு, வார இதழுக்கொரு எழுத்துரு என்று இறக்கிக்கொண்டு, ஒன்றில் எழுதியது மற்றொன்றில் பூச்சிபூச்சியாகத் தெரிந்த அவலத்தில் பாதியேனும் குறைந்திருக்கும். 1988இல் வந்து 1991இல் திருத்தம் பெற்ற இஸ்கி தரநிலை தேவநாகரிச் சட்டகத்தில் தமிழைப் பொருத்தியது. அதே ஒழுங்குதான் யூனிகோடு அட்டவணையிலும் தொடர்ந்தது. தமிழுக்குத் தமிழின் இயல்பில் ஒரு குறியேற்றம் வேண்டும் என்று 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டிலும், 2010இல் டேஸ் 16ஐ யூனிகோடோடு அரசு ஏற்றபோதும் நாம் மன்றாடியதெல்லாம் காலந்தாழ்ந்த மன்றாட்டு. கணினியோடு பழகிய ஒரு தலைமுறைத் தமிழ் மாணவர்கள் அப்போது மேசையின் மறுபுறத்தில் இருந்திருக்கலாம்.

பழங்கதையை இன்று கிளறுவானேன் என்று கேட்பவர்களுக்கு: அதே வாக்கியம் புதிய சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. தமிழ் என்ற சொல்லை எழுதுங்கள். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். நம் எட்டுபிட் முறையில் அது ஐந்து பைட். இன்று பெருவழக்கான யூ.டி.எஃப். 8 முறையில் 15 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒன்று, நமக்கு மூன்று என்பது அம்முறையை வகுத்தவர்கள் வைத்த வரிசையால் வந்ததேயன்றித் தமிழின் பிறவிக்குணத்தால் வந்ததன்று. செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் உரையைத் துண்டாக்கும்போது, ஆங்கிலத்தை முன்வைத்துப் பழகிய துண்டாக்கிகள் ஒரு தமிழ்ச் சொல்லைப் பல சில்லாக நொறுக்குகின்றன. துண்டுக்குக் கட்டணம் என்பதால் அதே கருத்துக்குத் தமிழர் கூடுதலாகச் செலுத்துகிறார். இதைச் சுட்டிக்காட்டினால் ‘தமிழ் சிக்கலான மொழி அல்லவா’ என்று நம்மவர்களே விடை சொல்லிவிடுகிறார்கள். வழிகாட்டி நூலின் 247ஐப் படித்துத் தேறியவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

கணினித் தமிழ்த் தாளுக்குப் பல்கலைக்கழகங்களில் பாடத்திட்டம் திருத்தும் குழுக்கள் கூடும்போது நாம் வைக்கும் கோரிக்கை பெரிதன்று. தட்டச்சு வேகமும் கோப்பைச் சேமிக்கும் முறையும் ஒதுக்கி வைத்துவிட்டு, செய்முறை வகுப்பில் முதல் நான்கு மணி நேரத்தை எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குக் கொடுங்கள். கட்டம் போட்ட தாள் ஒன்று, உலாவியில் ஓடும் இலவசக் கணினி ஒன்று போதும். மாணவர் ஒவ்வொருவரும் உயிரெழுத்து ஒன்றும் உகர வரிசையில் ஒன்றுமாக வரைந்து எண்ணாக்கட்டும். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் 76இல் 71 முடிந்திருக்கின்றன. மிச்சமிருப்பவை இ, ஞூ, ணு, ணூ, ஔ. இகரத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக வரைந்து வைத்துக்கொண்டு விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள். ஒருவருடையதில் சுழி நிற்கிறது, வால் இல்லை. மற்றவருடையதில் வால் நிற்கிறது.